சாரத்தின் சரித்திரம்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் பாக்கியம் பெற்றவர்கள் தவாஃபை நிறைவேற்றியதும் மகாமு இப்ராஹீமுக்குப் பின்னால் நின்று இரண்டு ரக்அத் தொழுகிறார்கள். ஊர் திரும்பியவர்களிடம், அந்தக் கண்ணாடிக் கூண்டினுள் இருப்பது என்னவென்று கேட்டால், ‘இப்ராஹீம் நபியவர்களின் பாதம் பதிந்த கல்’ என்று சொல்லிக் கண்களை ஒற்றிக்கொள்வார்கள். பாதம் அக்கல்லில் ஏன் பதிந்தது, அவர்கள் அதன்மீது எதற்காக ஏறி நின்றார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர் சிலரே.

விடை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸின் இறுதிப் பகுதியில், கஃபாவின் சுவர் கைக்கு எட்டாத உயரத்தை அடைந்தபோது, இஸ்மாயீல் (அலை) ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றும், இப்ராஹீம் (அலை) அதன்மீது நின்று கட்டினார்கள் என்றும், மகனார் கீழிருந்து கல் எடுத்துக் கொடுத்தார்கள் என்றும் வருகிறது. சுவர் உயர உயர அந்தக் கல்லும் தானே உயர்ந்தது என்று கதை நூல்களில் எழுதியிருப்பார்கள். அதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஹதீஸில் உள்ளதே போதும். மேலே நின்று கட்டுபவர் ஒருவர், கீழே நின்று எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், இருவருக்கும் நடுவே காலூன்ற ஓர் இடம். கொத்தனார்களின் பாஷையில் சொல்வதானால் அது ஒரு சாரம். கட்டடம் எழுந்ததும் அப்புறப்படுத்தப்படுவதே சாரத்தின் விதி. உலகத்துச் சாரங்களில் இது ஒன்றுதான் அப்புறப்படுத்தப்படாமல், தொழுமிடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்ற இறைக் கட்டளையையும் பெற்றது.

கஃபாவின் வரலாற்றில் சாரம் மற்றொரு முறையும் வருகிறது. ஹிஜ்ரி 64இல் சிரியாப் படையின் முற்றுகையின்போது கஃபா தீப்பற்றியது. அப்போது மக்காவில் ஆட்சி செலுத்திய அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி), இடித்துக் கட்டுவதா, பழுதுபட்டதை மட்டும் செப்பனிடுவதா என்று மக்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பழுதானதை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை இருந்தபடி விடுவதே நல்லது என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. உங்களில் ஒருவருடைய வீடு எரிந்துபோனால் புதிதாகக் கட்டாமல் மனம் ஆறுவாரா, அப்படியிருக்க அல்லாஹ்வின் வீட்டை எப்படி விடுவது என்பது இப்னு ஸுபைரின் மறுமொழி. மூன்று நாள் இஸ்திகாரா செய்த பின்னர் இடிப்பதென்று முடிவாயிற்று.

ஆனால் முதலில் ஏறுவதற்கு ஆளில்லை. ஏறுகிறவன்மீது வானத்திலிருந்து ஏதேனும் இறங்கிவிடும் என்று எல்லாரும் அஞ்சினர். கடைசியில் ஒரு மனிதர் ஏறினார், ஒரு கல்லைப் பெயர்த்துக் கீழே போட்டார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்று கண்ட பிறகே மற்றவர்கள் தொடர்ந்தனர். தரைமட்டம்வரை இடித்தானதும், தொழுவோருக்குக் கிப்லா தெரிய வேண்டுமென்று தூண்களை நட்டு அவற்றின்மீது திரைகளைத் தொங்கவிட்டு, கட்டடம் உயரும்வரை அப்படியே வைத்திருந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த அறிவிப்பில் இப்னு ஸுபைரின் பெயர் இருக்கிறது. முதலில் ஏறியவரை ‘ஒரு மனிதர்’ என்று மட்டுமே அது குறிக்கிறது.

உயரத்தில் ஏறுகிறவனுக்குச் சரித்திரம் பெரும்பாலும் கொடுத்திருப்பது அந்த ஒரு சொல்லைத்தான். இவ்விஷயத்தை நான் எழுத நேர்ந்ததற்கும் பெயர் சொல்லாத ஒரு மனிதர்தாம் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சாரத்துக்கு இன்றைய அரபியில் ‘ஸக்காலா’ என்று பெயர். இது அரபி மூலமுடைய சொல்லன்று. ஏணியைக் குறிக்கும் ‘ஸ்காலா’ என்ற இத்தாலியச் சொல் மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் புழங்கி, துருக்கியில் ‘இஸ்கெலெ’ என்றாகி, அரபிக்கும் வந்து சேர்ந்தது. துருக்கியர் இன்றும் படகு அணையும் துறைமேடைக்கும் கட்டடச் சாரத்துக்கும் இந்த ஒரே சொல்லையே வழங்குகின்றனர். கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட பலகையும், தரையிலிருந்து சுவருக்குப் போட்ட பலகையும் அவர்களுக்கு ஒன்றாகவே பட்டிருக்கின்றன. ஜெகதாப்பட்டினத்துத் துறையில் நின்று பார்ப்பவருக்கு இதில் வியப்பிருக்காது. (நம் தமிழில் ‘சாரம்’ வேறொரு வேடிக்கை செய்கிறது. ஈழத்திலும் நெல்லைச் சீமையிலும் சாரம் என்றால் நாம் உடுத்தும் கைலி. அது மலாய் மொழியின் ‘சாரோங்’.)

எங்கள் ஊர்ப்பக்கம் 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை, அறந்தாங்கி வட்டத்தோடு சேர்ந்து தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. ஆகவே சாரம் என்றதும் முதியவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வரும். 1010இல் இராஜராஜன் கட்டி முடித்த அவ்விமானம் ஏறக்குறைய 200 அடி உயரம். அதன் உச்சிக்கல்லை ஏற்றுவதற்குச் சில மைல் தூரத்திலிருந்தே சரிவாகச் சாரம் கட்டினார்கள் என்றும், அது தொடங்கிய இடந்தான் சாரப்பள்ளம் என்னும் ஊர் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். உச்சி ஒரே கல்லால் ஆனதன்று, பல கற்களால் இணைக்கப்பட்டது என்பது பின்னாளில் ஆராய்ந்தோர் கண்டது. அவ்வளவு நீளமான சரிவுக்குப் பதிலாக, விமானத்தைச் சுற்றியே ஏறும் மண்பாதை இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர். எது உண்மையாயினும், கல்லில் எழுத்தெழுத்தாகக் கணக்குப் பொறித்த அம்மன்னனின் காலத்துச் சாரம் ஓர் ஊர்ப்பெயராக மட்டுமே எஞ்சியிருப்பது கவனிக்கத் தக்கது.

நாகூருக்கு வருவோம். ஹஜ்ரத் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் தர்காவில் ஐந்து மனாராக்கள். அவற்றில் பெரிய மனாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிக்கொடுத்தார். உயரம் 131 அடி. கந்தூரிக் கொடி ஏறும் இரவில் அண்ணாந்து பார்த்து நிற்கும் ஆயிரமாயிரம் பேருக்கும் கட்டிக்கொடுத்தவரின் பெயர் தெரியும். கடற்காற்று அரிக்கும் அந்த உயரத்துக்கு இத்தனை தலைமுறையாகச் சுண்ணாம்பு பூசியவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நாம் அறியோம்.

நம் கரையின் சாரத்துக்குச் சவுக்குக் கழியும் தென்னங்கயிறுமே என்றும் இருந்தன என்று பலர் எண்ணுகின்றனர். சவுக்கு நம் மண்ணுக்குப் புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்பதற்காகச் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் அது பெருமளவில் பயிராயிற்று. அதற்கு முன்னர் மூங்கிலையும் கையில் கிடைத்த மற்ற மரங்களையுமே நம்பியிருந்தனர். மரம் அரிதான இடத்தில் சாரம் எவ்வளவு பெரிய செலவு என்பதற்குத் தாஜ்மகாலைச் சொல்வர். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு இரத்தின வணிகர் தவெர்னியே, மரம் கிடைக்காததால் தாஜ்மகாலின் சாரம் முழுவதையும் செங்கல்லாலேயே கட்ட வேண்டியிருந்தது என்றும், கட்டடத்தைவிடச் சாரத்துக்கே அதிகம் செலவாயிற்று என்று பேசிக்கொள்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். கேள்விப்பட்டதாகவே அவர் சொல்வதால் தொகையைப் பற்றி நாம் வாதிட வேண்டியதில்லை. சாரமும் ஒரு கட்டடந்தான் என்று அறிந்து அதற்குப் பணம் ஒதுக்கினார்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் கட்டடத் தொழிலுக்கு ஒரு தனி அத்தியாயமே கொடுத்திருக்கிறார். இரண்டு பலகைகளை எதிரெதிரே நிறுத்தி, குறுக்குக் கட்டைகளாலும் கயிற்றாலும் பிணைத்து, நடுவில் மண்ணும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, இறுகியதும் பலகைகளை மேலே உயர்த்தி வைத்து மறுபடி இடிக்கும் மேற்குநாட்டு முறையை அவர் விவரிப்பது, அருகில் நின்று பார்த்தவர் எழுதியதைப் போலவே இருக்கிறது. சுவர், வடிகால் முதலியவை பற்றிய வழக்குகளில் அதிகாரிகள் கட்டடத் தொழில் அறிந்தவர்களின் வார்த்தையையே நாடுவர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். கிதாபு படித்தவர் கொத்தனாரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நிலை அன்றே இருந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு ஜென்னே நகரத்தின் பெரிய பள்ளிவாசல் இன்னும் ஒரு படி மேலே போனது. இப்போதுள்ள கட்டடம் 1907இல் முடிந்தது. முழுவதும் களிமண். மழை கரைத்துவிடுமாதலால் ஆண்டுதோறும் ஊரே கூடிப் புதுமண் பூச வேண்டும். அதற்காகச் சுவரெங்கும் பனங்கட்டைகளைக் கொத்துக் கொத்தாக வெளியே நீட்டி விட்டுவைத்திருக்கிறார்கள். படத்தில் காண்போர் அலங்காரம் என்று எண்ணுவர். அழகுக்கும் உதவுகிறது என்பது உண்மையே. ஆயினும் பூசுகிறவர்கள் கால் வைத்து ஏறும் நிலைச்சாரம் அது. பழுதுபார்க்க ஒருவன் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதைக் கட்டும்போதே நினைத்தவர்கள் அவர்கள். நாம் கட்டும்போது நினைப்பதில்லை. மாடிமேல் மாடி எழுப்பி, உச்சியில் பிறையும் விளக்கும் வைத்து, பல்பு போனால் யார் எப்படி ஏறுவது என்று பிறகு யோசிக்கிறோம்.

இனி, நான் சொல்ல வந்த செய்தி.

பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரில் நான் ஓதிக்கொடுத்துவந்த மதரஸாவில் ரமலானுக்கு முன்பாக வெள்ளையடிக்க ஏற்பாடாயிற்று. முகப்புச் சுவர் ஏறத்தாழ 25 அடி. ஏணி எட்டவில்லை. இரண்டு ஏணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். வேலைக்கு வந்தவர் கட்டைத் தொட்டுப் பார்த்து, ‘கயிறு நைஞ்சிருக்கு பாய், சாரம் போட்டுத் தந்தால் நல்லது’ என்றார். ‘ஒருநாள் வேலைக்குச் சாரமா? பார்த்து ஏறப்பா’ என்று பதில் வந்தது. அப்போது அவ்விடத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். பேசாதிருந்தேன். அஸருக்கு முன் அவர் விழுந்தார். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு பழையபடி சேரவில்லை, அதற்குப் பிறகு அவர் ஏறவே இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவின் ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. அதற்குமேல் ஏதேனும் கடமை உண்டா என்று பேச்சு எழுந்தபோது, ஓரளவு ஓதியவர் ஒருவர் ஹதீஸை எடுத்து வைத்தார். வாயில்லாப் பிராணி விளைத்த காயத்துக்கும், கிணற்றிலும் சுரங்கத்திலும் நேர்ந்த சேதத்துக்கும் ஈடு இல்லை என்னும் பொருளில் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் அது. கூலிக்குக் கிணறு வெட்டுகிறவன்மீது கிணறு சரிந்தால் வெட்டச் சொன்னவன் ஈடு தர வேண்டியதில்லை என்று இமாம் நவவி (ரஹ்) முஸ்லிமின் விரிவுரையில் விளக்கியும் இருக்கிறார்கள். ஹதீஸ் ஸஹீஹானது, விளக்கமும் சரியானது. கூட்டம் கலைந்தது. எனக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை.

அதே நவவி இமாமின் மின்ஹாஜை நாங்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் சாய்ந்த சுவரைப் பற்றிய சட்டம் இருக்கிறது. தெருவை நோக்கிச் சாய்வாகவே ஒருவர் சுவரைக் கட்டி, அது விழுந்து கேடு விளைந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டும். நேராகக் கட்டிய சுவர் பின்னர் சாய்ந்து விழுந்தால் ஈடில்லை. இடிக்கவோ செப்பனிடவோ முடிந்தும் விட்டுவைத்திருந்தால் அப்போதும் ஈடு உண்டு என்ற கருத்தையும் வலுக் குறைந்ததாக இமாமவர்கள் குறிக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின்படி, சுவர் சாய்ந்திருக்கிறது என்று உரியவரை எச்சரித்து, அதை அகற்றப் போதிய அவகாசமும் கடந்த பின்னர் விழுந்தால் அவர் பொறுப்பாளி. உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவின் 928ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. தன் கையால் கேடு செய்தவன் வேண்டுமென்று செய்யாவிடினும் பொறுப்பாளி என்பது அதன் 92ஆம் விதி. கேட்டுக்குக் காரணமாக மட்டும் இருந்தவன், வேண்டுமென்று செய்திருந்தாலன்றிப் பொறுப்பாளியாகான் என்பது 93ஆம் விதி.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். கிணறு சரிந்தது என்றால் பூமி சரிந்தது. அது வெட்டச் சொன்னவர் செய்து வைத்ததன்று. நைந்த கயிற்றால் இரண்டு ஏணியைப் பிணைத்து இதில் ஏறு என்று கொடுத்தது பூமியின் செயலன்று. அது முதலிலேயே சாய்வாகக் கட்டிய சுவர். ஷாஃபிஈக்களின் உறுதியான சொற்படியே அதற்கு விலக்கில்லை. ‘கயிறு நைந்திருக்கிறது’ என்று வேலைக்காரர் சொன்ன சொல், ஹனஃபிகள் கேட்கும் எச்சரிக்கை. தெருவில் போகிறவனுக்கும் கூலிக்கு இசைந்து ஏறுகிறவனுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு, அவன் தெரிந்தேதானே ஏறினான் என்று மறுப்பவர் மறுக்கலாம். அந்த மறுப்பின் கனம் எனக்குத் தெரியும். நான் முஃப்தி அல்லன், இது ஃபத்வாவும் அன்று. ஆனால் ஒரு ஹதீஸை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்தைக் கலைத்தது இல்முக்குச் செய்த நியாயமும் அன்று.

கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் இரவு உறங்கியவனைவிட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. இதையும் விழுந்தவன்மீதே பழிபோட எடுத்துக்காட்டுவர். நானோ அதில் கைப்பிடிச் சுவரைப் பார்க்கிறேன். உயரமான இடம் என்றால் விளிம்பில் ஒரு தடுப்பு இருந்தாக வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே எங்கள் நபி (ஸல்) அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இன்றைய குழாய்ச் சாரத்தின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. டேனியல் பால்மர் ஜோன்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கழிகளைக் கயிற்றால் கட்டுவதற்குப் பதிலாக உலோகப் பிணைப்பால் இறுக்கும் வழியைக் கண்டார். 1913இல் பக்கிங்காம் அரண்மனையைப் புதுப்பிக்கும் பணியில் அது பயன்பட்டுப் பெயர் பெற்றது. 1919இல் அதைத் திருத்தி மேம்பட்ட பிணைப்பொன்றை அவர் கொண்டுவந்தார். மரக்கழியின் இடத்தை இரும்புக் குழாய் பிடித்தது. பின்னர் அளவாகச் செய்த சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று செருகி நிறுத்தும் கோபுரச் சாரமும், அதற்குச் சக்கரமும் வந்தன. இந்தியத் தர நிர்ணயத்தில் சாரத்துக்கான பாதுகாப்பு விதிகள் 1987இல் திருத்தி வெளியிடப்பட்டன. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. 1996இல் மத்திய அரசு கட்டுமானத் தொழிலாளருக்கென ஒரு சட்டமே இயற்றியது. அச்சட்டம், பத்து லட்ச ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. நம் வீடுகளில் வெள்ளையடிப்பதும், ஓடு மாற்றுவதும், பூச்சு பெயர்ந்த இடத்தைச் செப்பனிடுவதும் அந்த வெளியில்தான் நடந்துவந்தன. விழுகிறவர்களும் அங்கேதான் விழுந்தனர்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கரையேறிய கஜா புயல் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ கூரைகளைப் பிரித்தெறிந்தது. அதன்பின் பல நாள்கள் எங்கு நோக்கினும் ஆள்கள் உயரத்தில் இருந்தனர். ஈர ஓட்டின்மேல் வெறுங்காலோடு, இடுப்பில் கயிறின்றி, கீழே பிடிக்க ஆளின்றி. அவசரம், வேறு வழியில்லை என்றோம். அவசரம் தீர்ந்த பின்னும் வழி மாறவில்லை.

சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் இன்று குழாய்ச் சாரம் நாள் கணக்கில் கிடைக்கிறது. நிறுத்துவதில் சில நுணுக்கங்கள் உள்ளன. எங்கள் ஊர் மண் கடல்மணல், ஒரு கால் புதைந்தாலும் கோபுரம் சாயும். ஆகவே நான்கு காலுக்கும் அடியில் அகலப் பலகை போட்டு ரசமட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் உயரம் அடியகலத்தின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பழகியவர்களின் கணக்கு. தாண்டினால் சுவரோடு பிணைக்க வேண்டும். குறுக்குச் சட்டங்களை ஒன்று விடாமல் மாட்ட வேண்டும். கேட்காவிட்டால் சிலவற்றைத் தராமலே அனுப்பிவிடுவர். மேல்தட்டு முழுவதும் பலகை, சுற்றிலும் இடுப்பளவில் கைப்பிடி. ஏறுவது உட்புறமாகவே. சக்கரப் பூட்டைப் போடாமல் ஏறுவதும், மேலே ஆளை வைத்துக்கொண்டே நகர்த்துவதும்தான் பெரும்பாலான விபத்துக்கு வாசல். காற்று வலுத்தால் இறங்கிவிட வேண்டும். கடற்கரையில் அஸருக்குப் பின் காற்று எப்படி மாறும் என்பதை மீனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இன்னுமொன்று. உயரத்தில் நிற்பவனுக்கு அண்டை வீட்டு முற்றம் தெரியும். முஅத்தின்கள் மனாராவில் ஏறும்போது பிறர் வீடுகளை எட்டிப் பார்க்கலாகாது என்று முஹ்தஸிபுகள் அவர்களிடம் சத்தியம் வாங்கியதை ஹிஸ்பா நூல்களில் காண்கிறோம். நம் தெருக்களில் ஆள் ஏறுமுன் பக்கத்து வீட்டுப் பெண்டிருக்குச் சொல்லியனுப்புவது அதே பண்பாட்டின் மிச்சம். அவர்கள் கண்ணைப் பற்றி இவ்வளவு யோசித்த நாம் அவர்கள் காலைப் பற்றியும் யோசித்திருக்கலாம்.

அந்த வெள்ளையடிப்பவர் இப்போது இல்லை. விழுந்தபின் பதினோரு ஆண்டுகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொடுத்து வாழ்ந்தார். ஒருமுறை பார்க்கப் போனபோது, நான் கேட்க எண்ணியதைக் கேட்க நா எழவில்லை. அவரே சொன்னார்: ‘மேலே போய்ப் பாதிச் சுவர் அடிச்சிட்டேன் ஹஜ்ரத். மீதியை யார் அடிச்சா?’ மறுநாளே வேறோர் ஆள், அதே இரண்டு ஏணியில், புதுக்கயிறு கட்டி அடித்து முடித்திருந்தார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.